மெஜந்தா என்ற நிறப்பெயர் எங்கிருந்து வந்தது?

அது ஓர் ஊரின் பெயர். இத்தாலியில் மிலானுக்கு மேற்கே இருக்கிறது அந்தச் சின்ன ஊர். 1859 ஜூன் 4 அன்று பிரான்சும் இத்தாலியப் பகுதியில் அப்போது இருந்த சார்டீனியா அரசும் சேர்ந்து அங்கே ஆஸ்திரியப் படையைத் தோற்கடித்தன.

அதே காலத்தில்தான் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்குவான் அனிலின் என்ற வேதிப்பொருளிலிருந்து புதுச் சாயம் ஒன்றைச் செய்தார். பார்க்க அழகான பொருள் அது: படிகமாக இருக்கும்போது பச்சையாக மினுங்கும், தண்ணீரில் போட்டால் காகிதப்பூ நிறத்தில் கரையும். ஃபுக்சியா பூவை நினைவூட்டியதால் முதலில் ஃபுக்சின் என்றார்கள். அப்புறம் போர் வெற்றியின் நினைவாக மெஜந்தா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று நம் பிரிண்டர் மையிலும் அந்தப் போர்க்களத்தின் பெயர்தான். அத்தனை ரத்தம் சிந்திய இடத்தின் பெயர் என்பது எனக்கு இன்னும் மனதை உறுத்துகிறது.