“இதை ஃபேண்டஸி என்று சொல்லிவிடுவார்களோ?” – ஒரு பேட்டி, நாற்பது கேள்விகள்

இந்த மாதம் நம் வாசிப்பு வட்டம் எடுத்துக்கொண்டது ஒரு பேட்டியை. 2015 பிப்ரவரியில், ‘தி பரீட் ஜெயண்ட்’ (புதைந்த ராட்சதன்) நாவல் வெளிவரும் நேரத்தில், அதை எழுதிய பிரிட்டிஷ் நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோவை நியூயார்க் டைம்ஸ் பேட்டி கண்டது. அதில் அவர் வாய்விட்டுக் கவலைப்பட்ட மூன்று வரிகள்தான் இத்தனை சண்டைக்கும் வேர். வாசகர்கள் என்கூட வருவார்களா? நான் செய்ய வந்தது புரியுமா, இல்லை மேலே தெரியும் சங்கதிகளைப் பார்த்தே முகம் சுளித்துவிடுவார்களா? இதை ஃபேண்டஸி என்று சொல்லிவிடுவார்களோ? மார்ச் 2ஆம் தேதி, எர்த்சீ என்ற ஃபேண்டஸி நாவல் வரிசையை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் தன் வலைப்பதிவில் இதற்குச் சூடாக ஒரு பதில் எழுதினார்.

நாற்பதுக்கு மேல் கேள்விகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் போவதில்லை. நாவலின் முடிவைப் பற்றிக் கேட்டால் பதிலே கிடையாது. நம்மில் பாதிப் பேர் இன்னும் கதை நடுவில் வரும் மடாலத்தையே தாண்டவில்லை.

ஊர்க்குருவி: அக்கா, லெ குவினுக்கு ஏன் அவ்வளவு கோபம்? ஒருத்தர் தன் புத்தகத்தை நினைத்துக் கவலைப்படக்கூடாதா?

தேதிகளைப் பாருங்கள், கோபம் புரிந்துவிடும். 2014 நவம்பர் 19, நியூயார்க். அமெரிக்காவின் நேஷனல் புக் ஃபவுண்டேஷன் லெ குவினுக்கு வாழ்நாள் பங்களிப்புக்கான பதக்கம் தருகிறது. அவருக்கு 85 வயது. மேடையேறிய அம்மா, இத்தனை காலம் இலக்கியத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஃபேண்டஸி, அறிவியல் புனைவு எழுத்தாளர்கள் எல்லோரோடும் இந்தப் பரிசைப் பகிர்ந்துகொள்கிறேன் என்றார். யதார்த்தவாதிகள் எனப்படுகிறவர்களுக்கே அழகான பரிசுகள் போய்ச் சேர்வதை ஐம்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் இவர்கள் என்றும் சொன்னார். அவரே வாங்கிய நேஷனல் புக் அவார்ட் இருக்கிறதே, 1973இல், அதுவும் சிறுவர் நூல் பிரிவில்தான். பெரியவர்கள் பந்தியில் இலை போடவில்லை.

சரியாக மூன்று மாதம் கழித்து, புக்கர் பரிசு வாங்கிய ஒருவர், டிராகனும் ராட்சதரும் அலையும் நாவலை எழுதிவிட்டு ‘ஃபேண்டஸி என்று சொல்லிவிடுவார்களோ’ என்கிறார். அம்மாவின் பதில், “ஆமாம், சொல்வார்கள்தான். சொன்னால் என்ன?” என்ற தோரணையில் தொடங்குகிறது. பிறகு ஒரு உவமை வருகிறது. உயரக் கட்டிய கயிற்றிலிருந்து விழுந்துகொண்டே ஒருவன், ‘என்னைக் கழைக்கூத்தாடி என்று சொல்லிவிடுவார்களோ’ என்று கீழே இருப்பவர்களைக் கேட்டால் எப்படி இருக்கும்? இந்த நாவலைப் படிப்பது அப்படித்தான் இருந்தது என்றார்.

ஆனால் நீங்கள் எல்லோரும் ‘ஃபேண்டஸி’ என்ற சொல்லையே பிடித்துத் தொங்குகிறீர்கள். நான் பார்த்தவரை லெ குவினைக் குத்திய சொல் அதற்கு முந்தின வரியில் இருக்கிறது. ‘மேலே தெரியும் சங்கதிகள்’ என்று நான் பெயர்த்தேனே, அது. டிராகன் என்பது மேலே அடித்த வெள்ளை, உள்ளே இருப்பதுதான் சுவர் என்கிற நினைப்பு அதில் இருக்கிறது. லெ குவினுக்கு டிராகன்தான் செங்கல். ஒரு வகையின் மேல்பூச்சை மட்டும் கடன் வாங்கி, அந்த வகையின் பெயர் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்துகொண்டே எழுதினால் காரியம் நடக்காது என்பது அவர் வாதம். மரியாதைக்காகக் கிளப்பிய சண்டையாக எனக்கு இது படவில்லை. தொழில் தெரிந்தவர் தொழிலைப் பற்றிப் போட்ட சண்டை.

மழைக்காகிதம்: இஷிகுரோ வாயைத் திறந்தாரா?

திறந்தார், அதுவும் சிரித்துக்கொண்டே. அந்த அம்மாவுக்கு நான் புது மார்கரெட் ஆட்வுட் ஆகவேண்டும் போலிருக்கிறது என்றார். என் புத்தகம் பிடிப்பதும் பிடிக்காததும் அவர் உரிமை, ஆனால் ஆள் மாறி அடிக்கிறார். ராட்சதர்களுக்கும் குட்டிச்சாத்தான்களுக்கும் எதிராக யாராவது கோடு கிழித்தால் நான் அவற்றின் பக்கம்தான் என்றார். இதைப் படித்த லெ குவின், என் பதில் அவசரப்பட்டு எழுதியது, அதில் புண்படுத்தும்படி ஏதாவது இருந்தால் வருந்துகிறேன் என்று எழுதினார். நாவல் எனக்குச் சரிவரவில்லை என்று முன்பு சொன்னதை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

கரிசல்: இதில் ஆட்வுட் எங்கே வந்தார்?

அது பழைய பாக்கி. 2003இல் ‘ஓரிக்ஸ் அண்ட் க்ரேக்’ வந்தபோது, இது அறிவியல் புனைவு அல்ல, ஊகப் புனைவு என்றார் அதை எழுதிய கனடிய நாவலாசிரியர் ஆட்வுட். அறிவியல் புனைவு என்றால் விண்வெளியில் பேசும் கணவாய் மீன்கள் என்று அவர் சொன்னது இன்றுவரை அவரை விடவில்லை. 1987இல், அறிவியல் புனைவுக்கென்றே தரும் ஆர்தர் சி. கிளார்க் விருது முதல் முறையாக யாருடைய நாவலுக்குப் போனது தெரியுமா? இதே ஆட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’. 2009இல் கார்டியன் நாளிதழில் அவருடைய ‘தி இயர் ஆஃப் த ஃப்ளட்’ நாவலுக்கு மதிப்புரை எழுதிய லெ குவின், இலக்கியச் சேரியில் தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் இவர் இப்படி இலக்கணம் வகுக்கிறார் என்று பூவில் வைத்துக் குத்தினார்.

இதன் முடிவு எனக்குப் பிடிக்கும். 2010இல் இருவரும் போர்ட்லண்டில் ஒரே மேடையில் உட்கார்ந்து பேசினார்கள். பேசப் பேசத்தான் தெரிந்தது, லெ குவின் அறிவியல் புனைவு என்பதைத்தான் ஆட்வுட் ஊகப் புனைவு என்கிறார். பெட்டியின் பெயர்தான் வேறு. அடுத்த வருஷம் வந்த ஆட்வுட்டின் கட்டுரைத் தொகுப்பு லெ குவினுக்கே சமர்ப்பணம். நேரில் உட்கார்ந்து பேசினால் பாதிச் சண்டை தீரும். பேட்டியில் நறுக்கி எடுத்த மூன்று வரியை வைத்துப் பேசினால் வளரும். இதை இந்த வட்டத்தில் நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

புதுசா வந்தவன்: எர்த்சீ வரிசையை எதிலிருந்து தொடங்க?

முதல் புத்தகத்திலிருந்து. 1968.

தேன்சிட்டு: ஹாரி பாட்டர் எர்த்சீயைப் பார்த்து எழுதியதா?

அது வேறு நாள், வேறு சண்டை.

ஒற்றைப்பனை: டிராகன் ஒரு குறியீடு, அவ்வளவுதானே? நாவலில் டிராகன் விடும் மூச்சுதான் மூடுபனி, அந்த மூடுபனிதான் ஊருக்கே மறதி. இதைப் போய் ஃபேண்டஸி என்பதே அபத்தம். லெ குவினுக்குக் குறியீடு பிடிபடவில்லை.

லெ குவினுக்குக் குறியீடு பிடிபடவில்லை என்று எழுதிய கைக்கு நல்ல தைரியம். உங்கள் கணக்கு எனக்கும் தெரியும். அது முதல் ஐம்பது பக்கத்தில் தீர்ந்துவிடுகிற கணக்கு. ஆரம்பத்தில் ஆக்ஸில், பியாட்ரிஸ் என்ற கிழவன் கிழவியின் மெழுகுவர்த்தியை ஊர் பிடுங்கிக்கொள்கிறது, ஞாபகம் இருக்கிறதா? குன்றுக்குள் குடைந்த குடியிருப்பில், நடு நெருப்பின் சூடு எட்டாத ஓரத்து அறை அவர்களுடையது. ராத்திரியில் ஒரு வெளிச்சம் வைத்துக்கொள்ளக்கூட உரிமை இல்லை. ஏன் என்று அவர்களுக்கும் நினைவில்லை, பிடுங்கியவர்களுக்கும் நினைவில்லை. இருட்டில் கை நீட்டி, அவள் பக்கத்தில் இருக்கிறாளா என்று அவன் தடவிப் பார்க்கிறான். இந்த இடத்தில் மறதி அந்தக் குளிரும் அந்தக் கையும்தான். சமன்பாடு போட்டு விளக்க எதுவும் மிச்சமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மேலே தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது வேறு என்றுதான் நீங்களும் சொல்கிறீர்கள். அம்மா எதை எதிர்த்தாரோ அதையே அவருக்கு எதிராக நீட்டுகிறீர்கள்.

ஒற்றைப்பனை (மறுபடியும்): அப்போ நீங்கள் லெ குவின் பக்கமா, இஷிகுரோ பக்கமா? மெழுகுவர்த்தி நன்றாக இருக்கிறது என்றால் நாவல் ஜெயித்தது, அம்மா தோற்றார்.

மெழுகுவர்த்தி ஜெயித்தது. குட்டிச்சாத்தான்கள் வரும் இடத்தில் எனக்கும் கயிறு ஆடுவது தெரிந்தது. அவை ஏன் வருகின்றன, எங்கே போகின்றன என்று எழுதியவருக்கே அக்கறை இல்லாத மாதிரி இருக்கிறது. ஒரே புத்தகத்தில் இரண்டும் நடக்கும்.

சுண்டைவற்றல்: ஒற்றைப்பனை சொல்வது சரி. குறியீடு இல்லாத டிராகன் வெறும் பல்லி.

நிலவறை: குறியீடு மட்டுமே ஆன டிராகன் அதைவிட மோசம். அது போக்குவரத்துப் பலகை.

இதற்குப் பிறகு இந்த மூன்று பேரிடமிருந்தும் பதினோரு கேள்விகள். கேள்வி என்று பெயர், அத்தனையும் ஒருவருக்கொருவர் பதில். நிலவறை சொன்ன பலகையை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன், மீதியை வெட்டிவிட்டேன். இதே நாவலில் மார்த்தா என்ற சின்னப் பெண் காணாமல் போவாள். ஊரே தேடக் கிளம்பும். நடுவில் ஒரு கழுகைப் பற்றி வாக்குவாதம் வரும், அந்தச் சத்தத்தில் பிள்ளையைத் தேடுகிறோம் என்பதே எல்லோருக்கும் மறந்துபோகும். நமக்கு இங்கே டிராகன் மூச்சுகூடத் தேவைப்படவில்லை.

ஒற்றைப்பனை: அந்தக் கழுகு எதன் குறியீடு?

வணக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி: அக்கா, மறந்தால்தான் சமாதானம் எண்டு இந்தப் புத்தகம் சொல்லுதோ? பாதியில மூடி வச்சிட்டன்.

நல்ல வேளை, கேட்டீர்கள். காலையிலிருந்து இதற்குத்தான் காத்திருந்தேன் போலிருக்கிறது.

இஷிகுரோ பேட்டிகளில் யுகோஸ்லாவியா உடைந்ததைச் சொல்லியிருக்கிறார், ருவாண்டாவைச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்த்த இடங்கள். முதலில் அப்படி ஓர் இடத்திலேயே கதையை வைக்கலாமா என்று யோசித்திருக்கிறார். வைத்தால் இது அந்த ஊர்க் கதை, அந்த ஊர் அரசியல் என்று மற்றவர்கள் தள்ளி உட்கார்ந்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டார். அதனால்தான் ரோமானியர்கள் போன பிறகான பிரிட்டனுக்குப் போனார். பிரிட்டானியர், சாக்சன்கள் என்ற இரண்டு இனத்தாரும் அடுத்தடுத்த ஊரில் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதி எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் புத்தகம். மண்ணுக்கடியில் இருப்பது என்ன என்று தலைப்பே கேட்கிறது.

மறதி நல்லது என்று நாவல் சொல்லவில்லை. நினைவு வந்தால் விடியும் என்றும் சொல்லவில்லை. பனி விலகவேண்டும் என்று அலையும் விஸ்டன் என்ற சாக்சன் வீரன், விலகினால் என்ன வரும் என்று தெரிந்தேதான் அலைகிறான். கிழவன் கிழவிக்கோ வேறு கவலை: தங்கள் கல்யாண வாழ்க்கையில் எதை மறந்தோம், அது திரும்ப வந்தால் இந்தக் கை விலகிவிடுமோ? ஊரின் மறதியையும் வீட்டின் மறதியையும் ஒரே பனிக்குள் வைத்ததுதான் இஷிகுரோ செய்த பெரிய காரியம். அதற்கு அவருக்கு டிராகன் வேண்டியிருந்தது. வேறெதுவும் இரண்டையும் ஒரே மூச்சில் மூடாது. லெ குவினோடு நான் பிரிகிற இடம் இதுதான். இந்தப் பனி மேல்பூச்சு இல்லை. பேட்டியில் அதை மேல்பூச்சு என்று சொன்னவர் எழுதியவரே, அதுதான் வேடிக்கை.

மூடி வைத்தது தப்பில்லை. எப்போது திறப்பது என்று நான் சொல்ல முடியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

பட்டாம்பூச்சி: ‘நெவர் லெட் மீ கோ’ அறிவியல் புனைவா?

குளோனிங் இருக்கிறது, ஆய்வகம் இல்லை. 2005இல் புக்கர் இறுதிப் பட்டியலில் இருந்தது, மறுவருஷம் ஆர்தர் சி. கிளார்க் இறுதிப் பட்டியலிலும் இருந்தது. இரண்டிலும் பரிசு கிடைக்கவில்லை. இரண்டு வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிவளை: மனைவி சொன்னதால் எழுதினதைத் தூக்கிப்போட்டாராமே?

ஆமாம். ஜெயண்டின் முதல் வரைவைப் படித்துப் பார்த்த லோர்னா, இது தேறாது, முதலிலிருந்து எழுது என்றார். இவரும் ஓரங்கட்டிவிட்டுப் பிறகு புதிதாகத் தொடங்கினார். முந்தைய நாவலுக்கும் இதற்கும் பத்து வருஷ இடைவெளி. வீட்டுக்கு வீடு ஒரு லோர்னா இருந்தால் நம் புத்தகக் கடைகளில் அலமாரி மிச்சமாகும்.

மூவேந்தன்: லெ குவின் கடைசியில் மன்னிப்புக் கேட்டாரா?

இரண்டாவது பதில்.

தினமும் ஒரு பக்கம்: இந்தச் சண்டைக்கு இஷிகுரோ பதில் சொன்னாரா, லெ குவின் வருத்தம் தெரிவித்தாரா?

இரண்டாவது பதில். பேட்டியை முழுசாகப் படிக்கச் சொன்னேன், என் பதிலையாவது முழுசாகப் படியுங்கள்.

சேரன்: 2017இல் இஷிகுரோவுக்கு நோபல் கிடைத்தது. அப்போ யார் ஜெயித்தது?

இது கிரிக்கெட் இல்லை சேரன். நோபல் வந்தது 2017 அக்டோபரில். லெ குவின் இறந்தது 2018 ஜனவரி 22. 2021இல் இஷிகுரோ ‘கிளாரா அண்ட் த சன்’ எழுதினார், கதை சொல்வது ஓர் இயந்திரத் தோழி. அறிவியல் புனைவு என்று சொல்லிவிடுவார்களோ என்று அவர் அப்போது கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. லெ குவின் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்பதைத்தான் நான் படிக்க ஆசைப்படுகிறேன்.

நிலவறை: ஃபேண்டஸிக்குத் தமிழில் மிகுபுனைவா, மாயப்புனைவா, கனவுருப்புனைவா?

வேண்டாம். இன்றைக்கு ஒரு கழுகு போதும்.

புதுசா வந்தவன்: அக்கா, எர்த்சீயை முதல் புத்தகத்திலிருந்து தொடங்கணும், சரி. அந்த டிராகன் நாவலையும் வாங்கிட்டேன். நூறு பக்கம் ஆச்சு. டிராகன் எப்போ வரும்?

வரும். ஆனால் நீங்கள் நெருப்பு எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அது படுத்திருக்கும். இதற்கு மேல் சொன்னால் நான் போட்ட விதியை நானே மீறியவள் ஆவேன்.