ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை நம்பி விண்வெளிக்குப் போகலாமா?

"சும்மா கிடைக்கிற மென்பொருளை நம்பி யாராவது விண்கலம் அனுப்புவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பியே விட்டார்கள். 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டர் ஓடியது லினக்ஸில். நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்துவிட்ட (அதுதான் ஓப்பன் சோர்ஸ்) இயங்குதளம் அது. மூளை, பழைய செல்போன்களில் இருந்த ஸ்னாப்டிராகன் 801 சிப். ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள். 72 முறை பறந்தது. (என் பிரிண்டர் மட்டும் லினக்ஸைக் கண்டால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.)

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பயணத்தில் பயன்பட்ட ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்குப் பங்களித்த ஏறக்குறைய 12,000 பேருக்கு கிட்ஹப் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்) அவர்களின் பக்கத்தில் ஒரு பேட்ஜ் கொடுத்தது. அவர்களில் பலருக்குத் தாங்கள் எழுதிய நிரல் செவ்வாய்க்குப் போனதே அப்போதுதான் தெரியும். சம்பளம் கிடையாது, பேட்ஜ் உண்டு. நம் ஆட்களுக்கு அதுவே தீபாவளி போனஸ்.

அதற்காக எல்லாமே ஓப்பன் சோர்ஸ் என்று மார்தட்ட முடியாது. ஹெலிகாப்டரைச் சுமந்துபோன பெர்சிவியரன்ஸ் ஊர்தி, விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற வணிக இயங்குதளத்தில் ஓடுகிறது. ஆனால் 2013இல் சர்வதேச விண்வெளி நிலையத்து லேப்டாப்கள் சிலவற்றை விண்டோஸிலிருந்து டெபியன் என்ற லினக்ஸ் வகைக்கு மாற்றினார்கள். விண்டோஸ் அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் கேட்டால் அங்கே யார் காத்திருப்பது?