ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் கைட்போர்டிங், விண்ட்சர்ஃபிங் பழக எந்த ஏரி நல்லது?

இந்தக் கோடையில் இரண்டையும் பழக ஆசை, ரொறன்ரோவிலிருந்து காரில் போய்வரக்கூடிய ஏரி எது என்று கேட்டிருக்கிறீர்கள். கைட்போர்டிங் என்றால் பெரிய பட்டம் இழுக்க, காலில் பலகையோடு தண்ணீரில் வழுக்கிப் போவது. விண்ட்சர்ஃபிங் என்றால் பலகையில் நட்ட பாயைக் கையில் பிடித்துக் காற்றில் ஓடுவது. பெயர்களைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: விழுந்தால் காற்று உங்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும், அங்கே கால் தரையில் முட்டுமா, இந்த இரண்டையும் பார்த்துத்தான் இடம் தேட வேண்டும். காற்றின் வேகமெல்லாம் அப்புறம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்காபரோவில் ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருக்கும் புளஃபர்ஸ் பார்க் பீச் எங்கள் வீட்டுக்குக் கிட்ட. ஒரு மே மாதம், பழைய விண்ட்சர்ஃப் பலகையோடு மச்சானையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கு வாடைக்காற்று. கரையோரத் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது, நல்ல நாள் என்று இறங்கிவிட்டேன். அந்தக் கரைக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு சில இடங்களில் 90 மீட்டர் உயரம். காற்று அதற்கு மேலால் தாண்டிப் போய்த் தூரத்தில்தான் தண்ணீரைத் தொடுகிறது. கொஞ்சம் வெளியே போனதுமே பாயைக் கையிலிருந்து பிடுங்கியது. விழுந்து எழும்பிப் பாயைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் கரை இன்னும் சின்னதாகத் தெரிந்தது. விரல்கள் மடங்க மறுத்தன. கடைசியில் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். மச்சான் கரையில் நின்று கத்தியதைக் கேட்ட படகுக்காரர் ஒருவர் வந்து ஏற்றினார். பலகையை விட்டுவிட்டு நீந்தியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஒன்ராறியோ ஏரியின் சராசரி ஆழம் 86 மீட்டர். தரையிலிருந்து அடிக்கும் காற்று மேலே கிடக்கும் சூடான தண்ணீரை வெளியே தள்ளிவிட, அடியில் இருக்கும் குளிர்நீர் கரைக்கு ஏறி வரும். அதனால் ஜூலையில்கூட ஒரே நாளில் தண்ணீர் விறைக்க வைக்கும். கரையோரம் வழுவழுப்பாகவும் தூரத்தில் கறுத்து வெள்ளை நுரையோடும் தெரிந்தால் பலகையைக் காரிலிருந்து இறக்கவே வேண்டாம்.

விண்ட்சர்ஃபிங் தொடங்க என் முதல் தெரிவு, ரொறன்ரோவுக்குள்ளேயே அதே ஏரியில் இருக்கும் செரி பீச். தெற்கே பார்த்த கரை. லெஸ்லி ஸ்பிட் என்ற நீண்ட மண்திட்டு பெரிய அலைகளை வெளியிலேயே மறித்துவிடும். வெயில் நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு தரை சூடேறி, ஏரியிலிருந்து காற்று உள்ளே வரும், நம் ஊர்க் கடல்காற்று மாதிரியேதான். விழுந்தால் கரைப்பக்கமாகத்தான் ஒதுங்குவீர்கள். 8 முதல் 12 நொட் (மணிக்கு 15 முதல் 22 கிலோமீட்டர்) காற்று, 180 லீட்டர் கனவளவுக்குக் குறையாத அகலப் பலகை, சின்னப் பாய், இவை போதும். கைட் பழக இந்த இடம் சரிவராது: கயிறே 20 முதல் 24 மீட்டர் நீளம், கரையை ஒட்டி மரங்கள், வெளியே பாய்ப்படகுகள்.

கைட்டுக்கு, ஹியூரன் ஏரியின் ஜோர்ஜியன் குடாவில் இருக்கும் வசாகா பீச் போங்கள். 14 கிலோமீட்டர் மணற்கரை, தூரம்வரை நடந்து போகலாம், இடுப்பளவு தண்ணீர்தான். மேற்கு, வடமேற்குக் காற்று ஏரியிலிருந்து கரைக்கு வரும். தெற்குக் காற்றென்றால் அங்கே போகவே போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் குளிக்க வரும் சனம் அதிகம், பிள்ளைகள் நிற்கும் இடத்தில் பட்டம் ஏற்றக்கூடாது. செப்டம்பரில் ஆளும் குறைவு, தண்ணீரும் இன்னும் இதமாக இருக்கும். விண்ட்சர்ஃபிங்கை நண்பர் ஒருவரை வைத்துக்கொண்டு நீங்களாகத் தட்டித்தடவிப் பழகலாம். கைட்டைப் பயிற்சியாளர் இல்லாமல் தொடவே வேண்டாம். இழுத்தால் ஆளையே தூக்கும்.

எரி ஏரியில் லோங் பொயின்ட் உள்குடாவும் ஆழம் குறைந்தது, ஆனால் காரில் ஓட்டம் தூரம். சிம்கோ ஏரியின் குக்ஸ் குடா கிட்ட. கோடைக் கடைசியில் பாசி பலகைக்கு அடியில் இருக்கும் துடுப்பில் சிக்கி நிறுத்திவிடும்.

மஸ்கோகாப் பக்கத்துச் சின்ன ஏரிகளைப் பார்த்து மயங்க வேண்டாம். சுற்றிலும் மரமும் பாறையும். நான் வல்வெட்டித்துறைக்காரன், தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றி வளர்ந்தவன். பனங்கூடலுக்குப் பின்னால் நின்று எங்கள் ஊரில் எவரும் பட்டம் ஏற்றமாட்டார்கள். நூல் தொய்யும், அடுத்த கணம் வெட்டி இழுக்கும். மரம் சூழ்ந்த ஏரியிலும் அதே காற்றுத்தான்.

எந்தக் கரையாக இருந்தாலும் முதல் நாள் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு இறங்கி நடந்து பாருங்கள். கால் எட்டாமல் போகும் இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள், முதல் மாதம் அதற்கு இப்பாலேயே பழகுங்கள்.