தீர்வு பேசும் காலத்தில் கடன் கொடுத்தவர்களின் அழைப்புகள்: கேள்வி பதில்

கடனை முறைப்படி தீர்த்துக்கொள்ள வங்கியோடும் நிதி நிறுவனத்தோடும் பேசிக்கொண்டிருக்கும் டெல்டா மாவட்டத்தவர் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் பணிக்காலத்தின் பெரும்பகுதியை வங்கி வசூல் பிரிவில் கழித்தவன். அழைப்பவனின் பக்கம் அமர்ந்திருந்ததால், அழைப்பை எடுப்பவர் எங்கே சறுக்குகிறார் என்பது எனக்குச் சற்றுத் தெரியும்.

ஒரத்தநாட்டிலிருந்து: ஐயா, தனிநபர் கடனில் நான்கு தவணை நிலுவை. ஒரே தவணைத் தீர்வு கேட்டுக் கிளையில் மனுக் கொடுத்துப் பத்து நாள் ஆகிறது. ஆனாலும் நாளொன்றுக்கு ஆறேழு அழைப்பு வருகிறது. மனுக் கொடுத்த பிறகும் இப்படி அழைக்கலாமா?

அழைக்கலாம். மனு என்பது ஒப்பந்தம் அன்று. இரு தரப்பும் கையெழுத்திடும்வரை பழைய கடன் பத்திரமே உயிரோடு இருக்கிறது. உங்கள் மனு கிளையிலிருந்து மண்டல அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். உங்களை அழைப்பவரின் கையில் இருக்கும் பட்டியலோ வேறு வழியாக வந்தது. நீங்கள் மனுக் கொடுத்த செய்தி அவருக்குத் தெரியாமலே இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே முத்திரையிட்ட ஒப்புகை நகலை நீங்களே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

அழைக்கும் உரிமைக்கு எல்லை உண்டு. 2022 ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் நிலுவைக்காக அழைக்கக் கூடாது. மிரட்டல், வசவு, ஊரறிய அவமானப்படுத்துதல், குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்தல், பெயர் சொல்லாமல் அழைத்தல் ஆகியவையும் தடுக்கப்பட்டவை.

நான் அதிகம் அஞ்சுவது அழைப்பின் எண்ணிக்கையை அன்று, அந்த அழைப்பில் நீங்கள் சொல்லும் தேதியை. தொல்லை தாங்காமல் ‘வெள்ளிக்கிழமை கட்டிவிடுகிறேன்’ என்று சொல்லிவிடுவோம். அது வாக்குறுதி என்று கணினியில் பதிவாகும். வெள்ளி தவறினால் ‘வாக்குத் தவறியவர்’ என்றும் பதிவாகும். தீர்வு மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரியின் கண்ணில் முதலில் படுவது அந்தக் குறிப்புதான். நானே அப்படிப் பார்த்துக் கோப்பை ஒதுக்கி வைத்ததுண்டு. பின்னாளில் அதற்காக வருந்தியதும் உண்டு. எனவே அழைப்பை எடுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், தேதி மட்டும் சொல்லாதீர்கள். கீழ்க்கண்டவாறு ஒரு கடிதத்தைக் கிளைக்கு அனுப்பி, அதையே ஒவ்வொரு அழைப்பிலும் திருப்பிச் சொல்லுங்கள்:

‘மேற்கண்ட கணக்கு எண்ணுக்குரிய கடனுக்குத் தீர்வு கேட்டு உங்கள் கிளையில் மனுக் கொடுத்து ஒப்புகை பெற்றுள்ளேன். முடிவு தெரியும்வரை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை இந்த எண்ணில் மட்டும் தொடர்பு கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். வாய்மொழியாக எந்தத் தொகையையும் தேதியையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.’

இதை ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பவும். பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், அதைக் கேட்டு அஞ்சலகத்தில் நிற்க வேண்டாம்.

மன்னார்குடி அருகிலிருந்து ஒரு பெண்: நாங்கள் எட்டுப் பேர் குழுக்கடன் வாங்கினோம். நடவு வேலை குறைந்ததால் நான் மட்டும் இரண்டு மாதமாகக் கட்டவில்லை. வசூல் செய்ய வருபவர் இரவு ஏழரை மணிக்குமேல் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். குழுப் பெண்களையும் கூட்டி வருகிறார். தவணையைக் குறைத்துத் தரும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதற்குள் மானம் போகிறது.

அம்மா, உங்கள் கடனுக்கு விதி இன்னும் கடுமையானது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரப்படும் கடன் நுண்கடன் ஆகும். அதற்கென ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்திய நெறிகளின்படி காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரவோ அழைக்கவோ கூடாது. வசூல் இருவரும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் நடக்க வேண்டும். அந்த இடத்துக்கு நீங்கள் அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராமல் போனால் மட்டுமே வீட்டுக்கு வரலாம்.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். கையில் பணமில்லை என்ற கூச்சத்தில் பெண்கள் முதலில் செய்வது, குழுவினர் அந்தப் பொது இடத்தில் கூடித் தவணை கட்டும் மையக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பது. அதுவே அவரை உங்கள் திண்ணைக்கு அழைத்து வரும் அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. வெறுங்கையோடு என்றாலும் கூட்டத்துக்குப் போய், வந்ததற்கு அடையாளமாகப் பதிவேட்டில் கையெழுத்திடுங்கள்.

அடுத்து, எழுதி வையுங்கள். திருவாரூர்ப் பக்கம் ஓர் அம்மா தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொரு தாளின் பின்புறமும், அன்று யார் வந்தார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்று பென்சிலால் எழுதியிருந்தார். தாளிலேயே தேதி அச்சாகியிருந்ததால் நாள் குறித்து யாரும் வாதாட முடியவில்லை. பதினேழு தாள்களையும் நூலில் கோத்து நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் மேசையில் அவர் வைத்தபோது அங்கே நான் இருந்தேன். அடுத்த வாரமே வீட்டு வருகை நின்றது. அதற்கடுத்த மாதம் தவணையும் குறைந்தது.

தவணைக் குறைப்புக்கு உங்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு. குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதம் கட்டும் தொகை, மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகாத அளவில்தான் நுண்கடன் தரப்பட வேண்டும். இரண்டு, மூன்று நிறுவனங்களின் தவணை அட்டைகளையும் அருகருகே வைத்துக் கூட்டிக் காட்டுங்கள். நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். உதவி எண் 14448.

பாபநாசத்திலிருந்து: தீர்வுக்கு வங்கி சம்மதிக்கிறது. ஆனால் மாதம் 9,000 ரூபாய் கணக்கிலிருந்து தானாகப் பிடித்தமாகும்படி கேட்கிறார்கள். எனக்கு மாத வருமானம் கிடையாது, நெல்தான்.

இந்தக் கேள்விதான் நம் பகுதிக்கே உரியது. மாதச் சம்பளக்காரருக்காக அச்சடித்த படிவத்தை விவசாயி நிரப்பினால் மூன்றாம் மாதமே அது முறியும். ஒவ்வொரு முறை பிடித்தம் திரும்பும்போதும் கட்டணம் ஏறும், தீர்வில் தந்த சலுகையும் ரத்தாகும். அழைப்புகளும் முன்னைவிட வேகமாகத் திரும்பும், ஏனென்றால் இப்போது நீங்கள் ‘ஒப்பந்தத்தையும் மீறியவர்’.

வங்கிக்கு வேளாண்மைக் கால அட்டவணை புதிதன்று. பிற கடன்கள் 90 நாள் நிலுவையில் வாராக்கடன் ஆகும். குறுகிய காலப் பயிர்க்கடனோ இரண்டு போகம் நிலுவையில் நின்றால்தான் அந்தக் கணக்கில் சேரும். அதே அறிவைத் தீர்வுக்கும் நீட்டிக்கச் சொல்லுங்கள். குறுவைக்கு ஒன்று, சம்பாவுக்கு ஒன்று என இரண்டு பெருந்தவணையும், பால், கூலி போன்றவற்றிலிருந்து மாதம் ஒரு சிறு தொகையும் என்று எழுதிக் கொடுங்கள்.

பெருந்தவணைத் தேதியை அறுவடை நாளை வைத்துக் கணக்கிடாதீர்கள். கொள்முதல் நிலையத்தில் மூட்டை வரிசையில் நிற்கும். மழை பெய்து ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் மறுபடி உலர்த்த வேண்டும். அதன் பிறகே பணம் கணக்கில் ஏறும். அறுவடைக்கு ஆறு வாரம் தள்ளித் தேதி கேளுங்கள். நெல் பணம் வந்து சேரும் கணக்கும் கடன் கணக்கும் ஒரே வங்கியில் இருந்தால், நிலுவைக்காக வங்கி அந்தப் பணத்தை நேராக ஈடுகட்டிக்கொள்ள முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். அடுத்த சாகுபடிச் செலவுக்கு இவ்வளவு விடப்படும் என்ற வாசகம் தீர்வுக் கடிதத்திலேயே இருக்கட்டும்.

மேலும், நிலுவைக் கணக்குத் தாளை வரிவரியாகப் படியுங்கள். தவணை தவறியதற்கான அபராதத்தை வட்டியோடு சேர்த்து, அதற்கு மேலும் வட்டி போடும் பழக்கத்தை 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தடுத்தது. அந்தத் தடை 2024இல் நடைமுறைக்கு வந்தது.

வலங்கைமானிலிருந்து: எனக்கு ஜாமீன் போட்ட மாமாவை அழைக்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரரையும் அழைக்கிறார்கள்.

மாமாவை அழைக்கலாம், ஏனெனில் ஜாமீன்தாரரின் பொறுப்பு உங்கள் பொறுப்புக்குச் சமமானது. கடைக்காரரை அழைப்பது விதிமீறல். தீர்வுக் கடிதத்தில் ஜாமீன்தாரரும் விடுவிக்கப்படுகிறார் என்ற வரி இல்லாவிட்டால் கையெழுத்திடாதீர்கள்.

கும்பகோணத்திலிருந்து: 2018இல் வாங்கிய கடனுக்கு ஆறு ஆண்டுகளாக யாரும் வரவில்லை. இப்போது ஒருவர் வந்து, ‘ஐந்நூறு ரூபாய் மட்டும் கட்டி, இந்தத் தாளில் கையெழுத்திடுங்கள், மீதியைப் பேசித் தள்ளிவிடலாம்’ என்கிறார்.

அந்த ஐந்நூறு ரூபாயின் விலை மிக அதிகமாக இருக்கக்கூடும். ஈடில்லாத பணக் கடனுக்கு வழக்குத் தொடரக் காலவரையறை பொதுவாக மூன்று ஆண்டு. அது முடிவதற்குள் நீங்கள் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, உங்கள் கையெழுத்தோடு ஒரு பகுதியைக் கட்டினாலோ அன்றிலிருந்து மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். காலம் முடிந்த பிறகும், கட்டுகிறேன் என்று கையெழுத்திட்டுத் தரும் வாக்குறுதி புதிய ஒப்பந்தமாகவே செல்லும். ஏற்கெனவே வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கியிருந்தால் கணக்கே வேறு. அதை நிறைவேற்ற 12 ஆண்டு உண்டு. ஆகவே கடைசியாகப் பணம் கட்டிய தேதி எது, வழக்கு ஏதும் உண்டா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டித் தெளிந்துகொண்டு, பிறகு பேச்சுக்கு உட்காருங்கள். கடனைக் கட்டாதே என்று நான் சொல்லவில்லை. என்ன கையெழுத்து என்று தெரிந்து போடுங்கள் என்கிறேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: வெளியில் வாங்கியது. அசலுக்கு மேல் வட்டி கட்டிவிட்டேன். புரோநோட்டும் தொகை எழுதாத காசோலையும் அவரிடம் இருக்கின்றன. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கலாம் என்கிறார்கள்.

பேசி முடிக்கலாம், ஆனால் காகிதங்கள் கைக்கு வராமல் பணம் கைமாறக் கூடாது. புரோநோட்டின் பின்பக்கத்தில் ‘அசலும் வட்டியும் முழுதும் வரவு’ என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். காசோலை அங்கேயே திரும்ப வேண்டும். ‘தொலைந்துவிட்டது, தேடித் தருகிறேன்’ என்றால் அன்றைய பேச்சு அதோடு நிற்கட்டும். காசோலை வங்கிக்குப் போய்த் திரும்பினால், 15 நாளில் பணம் கட்டச் சொல்லும் அறிவிப்பு வரும். அதை வாங்க மறுப்பதும் பதில் எழுதாமல் விடுவதும் குற்றவியல் வழக்குக்கு நீங்களே வழி விடுவதாகும்.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலியவற்றைத் தடை செய்யும் 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வீட்டு வாசலில் மிரட்டல் நடந்தால் பெரியவர்களுக்காகக் காத்திராமல் காவல் நிலையத்திலோ ஆட்சியர் அலுவலகத்திலோ மனுக் கொடுங்கள்.

சீர்காழியிலிருந்து: எல்லாரும் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிடு என்கிறார்கள்.

மஞ்சள் நோட்டீஸ், அதாவது திவால் அறிவிப்பு, கொடு என்று தேநீர்க் கடையில் சொல்வது எளிது. சென்னைக்கு வெளியே அது இன்னும் 1920ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டத்தின்படிதான் நடக்கிறது. 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப்போடலாம் என்ற பழைய தொகைகூட அதில் அப்படியே நிற்கிறது. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தில் தனிமனிதருக்கான பகுதி சாதாரணக் கடனாளிக்கு நடைமுறைக்கு வரவில்லை. நோட்டீஸ் அனுப்பியதாலேயே கடன் தீராது; உங்கள் சொத்து நீதிமன்றப் பொறுப்புக்குப் போகும், முன்னதாக உறவினர் பெயருக்கு மாற்றியவையும் துருவப்படும். அதே சட்டத்தில் கடன் கொடுத்தவர்களில் பெரும்பான்மையினரும், கடன் மதிப்பில் முக்கால் பங்கு உடையோரும் ஒத்துக்கொண்டால் நீதிமன்ற ஒப்புதலோடு ஒரு சமரசத் திட்டம் செய்துகொள்ள இடமுண்டு. பலரிடம் கடன் வாங்கியிருப்பவர் அதைப் பற்றி வழக்கறிஞரிடம் கேட்பது நல்லது.

நன்னிலத்திலிருந்து: மக்கள் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி அறிவிப்பு வந்திருக்கிறது. போனால் பிடித்து வைப்பார்களா? வீட்டைச் சப்தி செய்வோம் என்று முகவர் சொல்கிறார்.

பிடிக்க மாட்டார்கள்; தைரியமாகப் போங்கள். அங்கே ஏற்படும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. அதனால்தான் அங்கே கூட்டத்தின் அவசரத்தில் கட்ட முடியாத தொகைக்குத் தலையாட்டக் கூடாது. பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

சப்தி என்பது முகவர் வாயால் நடப்பதன்று. தீர்ப்பாணை இருந்தாலும் உழவரின் ஏர், பிழைப்புக்கு வேண்டிய மாடு, விதைநெல், அவர் குடியிருக்கும் வீடு, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்றவற்றை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு காக்கிறது. அடமானம் வைத்த வீட்டுக்கு மட்டும் இந்தக் காப்பு பொருந்தாது. அதற்கு வங்கி முதலில் 60 நாள் அறிவிப்புத் தர வேண்டும், நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் சொன்னால் 15 நாளில் பதிலும் தர வேண்டும்.

பட்டுக்கோட்டையிலிருந்து: தீர்வுத் தொகை முழுதும் கட்டிவிட்டேன். மூன்று மாதம் கழித்து வேறொரு நிறுவனத்திலிருந்து மீதி கேட்டு அழைக்கிறார்கள்.

உங்கள் பழைய கணக்கு நிலுவைப் பட்டியலோடு சேர்ந்து கைமாறியிருக்கலாம். தீர்வுக் கடிதம், பணம் கட்டிய ரசீது, நிலுவையில்லாச் சான்று ஆகிய மூன்றின் நகலையும் பழைய வங்கிக்கும் புதிய அழைப்பாளருக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். சான்று வாங்கவில்லை என்றால் இன்றே கிளைக்குப் போய் வாங்குங்கள். பிறகு கடன் தகவல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். தள்ளுபடியோடு முடித்ததால் ‘தீர்வு செய்யப்பட்டது’ என்று இருக்கும், அது சரிதான். ‘நிலுவை’ என்று இருந்தால் திருத்தம் கோருங்கள். 30 நாளைத் தாண்டினால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டும்.