குண்டு விழாத வீடு

கேள்வி: ஐயா, ஜேர்மனியில் இருக்கும் என் மகன் மெக்லன்பேர்க் பகுதியில் எடுத்த படம் ஒன்றை அனுப்பினான். இரண்டு மாடிச் செங்கல் வீடு, முன்பக்கம் மட்டும் 22 யன்னல். கூரை நடுவில் குழி விழுந்திருக்கிறது, வாசற்படியில் மரம் முளைத்திருக்கிறது. அவ்வளவு வசதியான நாட்டில் இதை ஏன் கைவிட்டார்கள்? குண்டு விழுந்ததா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: கடிதத்தோடு வந்த படத்தைப் பார்த்தேன், தங்கச்சி. நாற்பது ஆண்டு கூரை வேலை செய்தவன், என் கண் முதலில் முகட்டுக்குத்தான் போனது. எறிகணை விழுந்த கூரையில் தீராந்தி முறிந்திருக்கும், சுவர் முழுக்கக் கொத்துப்பட்டிருக்கும். அதை வன்னியில் உங்களுக்கும் எனக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கூரை மெல்லத் தொய்ந்து இறங்கியிருக்கிறது. இது தண்ணீர் செய்த வேலை.

ஆனால் தண்ணீரை உள்ளே விட்டது காணிக் கதை. அப்படிப்பட்ட வீட்டை அங்கே ‘குட்ஸ்ஹவுஸ்’ என்பார்கள். ஒரு பெரும் பண்ணையின் தலைவீடு அது. பக்கத்தில் குதிரைலாயம், தானியக் களஞ்சியம், கூலியாட்களின் வரிசைக் குடிசைகள். நூற்றுக்கணக்கான ஹெக்டேர் வயலின் விளைச்சலில்தான் அந்தக் கூரை ஆண்டுதோறும் பழுது பார்க்கப்பட்டது. 1945இல், மெக்லன்பேர்க் உட்பட சோவியத் படை வசமிருந்த கிழக்கு ஜேர்மன் பகுதியில் 100 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 247 ஏக்கருக்கு, மேற்பட்ட பண்ணைகள் இழப்பீடில்லாமல் எடுக்கப்பட்டன. நிலம் கூலியாட்களுக்கும், அதற்கும் கிழக்கேயிருந்து துரத்தப்பட்டு வந்த அகதிகளுக்கும் சிறு துண்டுகளாகப் பங்கிடப்பட்டது. நிலமற்றவனுக்கு நிலம் கிடைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். இரணைமடுக் குளத்தின் கீழ் காணி கிடைத்த குடும்பங்களின் முகத்தைப் பார்த்தவன் நான்.

வீடு மட்டும் தனித்து நின்றது. 1947இல் சோவியத் படை நிர்வாகம் விட்ட 209ஆம் இலக்கக் கட்டளையின் பின் பல வீடுகளை இடித்து, அந்தக் கல்லாலும் மரத்தாலும் புதிய விவசாயிகளுக்கு வீடு கட்டினார்கள். தப்பிய வீடுகளில் அறைக்கொரு அகதிக் குடும்பம் இருந்தது. பிறகு பள்ளிக்கூடம், பாலர் பாடசாலை, நம் ஊர்ச் சங்கக்கடை போன்ற கடை என்று மாறின. ஆட்கள் இருந்தவரை யாரோ ஒருவர் ஏணி வைத்துப் பீலியில் அடைத்த இலையை அள்ளிப் போட்டிருப்பார்.

1990இல் இரு ஜேர்மனியும் இணைந்தன. வேலை தேடி இளையவர்கள் மேற்கே போனார்கள், பாலர் பாடசாலையும் கடையும் மூடப்பட்டன. 1945க்கும் 1949க்கும் இடையில் எடுக்கப்பட்ட சொத்துகளைப் பழைய உரிமையாளருக்குத் திருப்பித் தருவதில்லை என்று முடிவாயிற்று. வயலில்லாத அந்தப் பெரிய கூரைக்குச் செலவழிக்க ஊர்ச்சபைகளிடமும் காசில்லை.

அதன்பிறகு நடப்பதை நானே கைபிடித்துக் காட்டுவேன். பீலி அடைத்து நீர் சுவருக்குள் இறங்கும். தீராந்தியின் நுனி சுவருக்குள் செருகியிருக்கும் இடம்தான் முதலில் ஊறும். நமக்குக் கறையான் எப்படியோ, அவர்களுக்கு அப்படி ஒரு பூஞ்சணம் உண்டு. அது நூல்நூலாகக் கல்லையும் சாந்தையும் கடந்து, தனக்கு வேண்டிய ஈரத்தைத் தானே சுமந்து போய் அடுத்த மரத்தைப் பிடிக்கும். அது தின்ற மரம் பழுப்பாகி, கட்டங்கட்டமாக வெடித்துவிடும். யாரும் கேட்காத வீட்டில் செம்புப் பீலியையும் ஓடு பதித்த கணப்படுப்பையும் கழற்றிப்போக ஆள் வரும். 2010இல் நான் திரும்பி வந்தபோது என் வீட்டில் நிலையுமில்லை, தகரமுமில்லை. மகனின் படத்தைப் பார்த்து நீங்கள் ஏன் கலங்கினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது.

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் சுவர்கள் கூரையின்றிப் பல மழை நனைந்துவிட்டன. அவற்றின் மேல் ஓடு போடலாமா?
– வாசகர், முள்ளியவளை

பதில்: தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், தம்பி. சுவர் சரிந்திருந்தால் அந்தப் பகுதியைப் பிரித்தே கட்டவேண்டும். யன்னலுக்கு மேலுள்ள லின்டலை நன்றாகத் தட்டிப் பாருங்கள். உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்தால் கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும், அதன்மேல் பாரம் ஏற்றாதீர்கள். சுவரில் முளைத்த ஆலங்கன்றை மேலே வெட்டிவிட்டால் போதாது, வேர் போன வழியெல்லாம் கல்லைக் கழற்றி எடுக்கவேண்டும். ஐப்பசி மழைக்கு முன் இது முடியாவிட்டால், சுவரின் தலைக்காவது சாந்து பூசி மூடிவிடுங்கள். ஓடுகளை அடுத்த பங்குனியில் போடலாம்.