கஞ்சி இருக்கட்டும், அந்தக் கசிவைக் கவனியுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்து 9 நாள் ஆகிறது. அரிசிச் சோறு கொடுத்தால் தையல் சீழ் பிடிக்கும் என்கிறார்கள். கருப்புக்கவுனிக் கஞ்சியும் கேழ்வரகுக் கூழும்தான் தருகிறோம். சிறுதானியமே சர்க்கரையை இறக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்து மாத்திரையை நிறுத்திவிட்டோம். கம்பு குளிர்ச்சியா? நேற்றிலிருந்து தையல் வழியாக ரோஸ் நிறத்தில் தண்ணீர் கசிந்து புடவை நனைகிறது. வலி, காய்ச்சல் இல்லை. புண் ஆற வேறென்ன தானியம் தரலாம்?

பதில்: இதைப் படித்ததும் அம்மாவை அறுவை செய்த மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள். வயிற்றுச் சுவரின் உள்தையல் விடத் தொடங்கும்போது, மேல்தோல் ஒட்டியபடியே இருக்க, இப்படித்தான் ரத்தம் கலந்த நீர் கசியும். பெரும்பாலும் 5 முதல் 10 நாளுக்குள் வரும். வலி, காய்ச்சல் இல்லாமலும் வரும் என்பதால்தான் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன். சோதித்துப் பார்த்து, தோலுக்கடியில் தேங்கிய வெறும் நீர் என்றால் நல்லதுதான். அதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை வாய்வழியாக எதுவும் வேண்டாம்; மறுபடி தையல் போட நேர்ந்தால், மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தையல் பிரிந்து குடல் தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான ஈரத்துணியால் மூடி, படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

யாரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினீர்கள்? சீழ் பிடிப்பது கிருமியால்; கட்டுக்கு மீறிய சர்க்கரை அதற்குத் துணை போகிறது. சோற்றின் மேல் பழி வேண்டாம். கவுனியும் அரிசிதான், கேழ்வரகிலும் நிறைய மாவுச்சத்து உண்டு. குழையக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை இன்னும் வேகமாக ஏறும். அதற்காக இன்று நீங்களாகவே மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். நிறுத்தியதை மறைக்காமல் அங்கே சொல்லுங்கள்.

கம்பு குளிர்ச்சியா சூடா என்று கவலைப்பட ஒன்றுமில்லை.

சாப்பிடலாம் என்று அவர்கள் சொன்ன பிறகு கவுனி தரலாம். இரவே ஊறவைத்து, பாசிப்பருப்பு சேர்த்துக் கெட்டியாக வேகவையுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். 50 கிராம் கேழ்வரகு மாவில் புரதம் 4 கிராம்கூட இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் தினம் இரண்டு முட்டையோ மீனோ, அசைவம் ஆகாதென்றால் பருப்பும் தயிரும். முக்காமல் மலம் போக வேண்டும், அதனால் தண்ணீரும் கீரையும் குறையக் கூடாது.