கிளட்ச் மாத்த ஒரு கராஜ்ல ஒரு விலை, இன்னொரு கராஜ்ல அதுல பாதி, எது நியாயம்?

தலவாக்கலையில இருந்து கேட்டிருக்கீங்க, ஆல்ட்டோ 800க்கு கிளட்ச் மாத்தணும், ஒரு கராஜ்ல ஒரு தொகை சொன்னாங்க, டவுன்ல இன்னொரு பாஸ் (மெக்கானிக்) அதுல பாதிக்கே செஞ்சு தாரேன்னு சொல்றாரு, யாரு சொல்றது நியாயம்னு. அந்த ரெண்டு தொகைய மட்டும் வச்சுக்கிட்டு யாராலயும் பதில் சொல்ல முடியாதுங்க, ஏன்னா ரெண்டு பேரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்லியிருக்காங்களான்னே இன்னும் தெரியல. நான் ஹட்டன்ல ஸ்கூல் வேன் ஓட்டுறேன், லீவு நாள்ல ஹயரும் போவேன், கராஜ்லயும் ஸ்பெயார் பார்ட்ஸ் கடையிலயும் நின்ன நேரம் நெறைய. அதுல எனக்கு விளங்குனத சொல்றேன். நம்ம சல்லி வீணாப் போறது பாஸோட கூலியில இல்ல. மாத்தத் தேவையே இல்லாத சாமான மாத்துறதுலயும், என்ன தரத்து சாமான் போடுறாங்கன்னு கேக்காம விடுறதுலயும்தான் போகுது. ஆனா நம்ம ஆளுங்க பேரம் பேசுறது முழுக்க கூலியிலதான்.

முதல்ல உங்க கிளட்ச்சையே எடுத்துக்குவோம். ஆல்ட்டோவுல கிளட்ச் கேபிள்ல வேலை செய்யுது. கேபிள் இழுபட்டு இருந்தாலோ அட்ஜஸ்ட்மென்ட் சரியில்லாட்டியோ கியர் விழுறது கஷ்டமா இருக்கும், சில நேரம் கிளட்ச் வழுக்குற மாதிரியும் இருக்கும், அதுக்கு கியர்பொக்ஸ கழட்டத் தேவையே இல்ல. அதனால "கிளட்ச் போயிருச்சு"ன்னு சொன்னவரு வண்டிய ஓட்டிப் பாத்தாரா, பெடல் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்ய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பெடல் சும்மா எறங்குற தூரம்) பாத்தாரா, கேபிள பாத்தாரான்னு கேளுங்க. நீங்களே பாக்கணும்னா தலவாக்கலையில இருந்து நானுஓயா பக்கம் ஏறுங்க, ஏத்தத்துல மூணாவது கியர்ல நல்லா எக்ஸலேட்டர் குடுங்க, இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி வேகம் எடுக்காம இருந்தா, கேபிள் அட்ஜஸ்ட்மென்டும் சரியா இருந்தா, அப்ப பிளேட் முடிஞ்சதுதான். பூண்டுலோயா, ராகலை மாதிரி எடத்துல ஏத்தத்துல நிப்பாட்டி ஹாஃப் கிளட்ச்சுலயே வண்டிய புடிச்சுக்கிட்டு நிக்கிறவங்களுக்கு சீக்கிரமே முடியும், கொழும்புல சமதரையில ஓடுற அதே கார் ரெம்ப நாள் தாங்கும்.

சரி, பிளேட் முடிஞ்சதுன்னே வைங்க. இப்ப அந்த ரெண்டு விலைக்குள்ள என்னென்ன இருக்குன்னு பிரிக்கணும். கிளட்ச் செட்னா மூணு சாமான், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயரிங். பாதி விலை சொன்னவரு பெரும்பாலும் பிளேட் மட்டும்தான் மாத்துறதா நெனச்சிருப்பாரு, இல்லன்னா பழைய பிளேட்டுக்கே புது லைனர் அடிச்சு போடுறதா இருக்கலாம். அது ஏமாத்துன்னு நான் சொல்ல மாட்டேன், கையில சல்லி இல்லாத நேரத்துல அதுவும் ஒரு வழிதான், ஆனா அத முன்னாடியே வாயத் தொறந்து சொல்லணும். இங்க யோசிக்க வேண்டியது என்னன்னா, கியர்பொக்ஸ எறக்கி ஏத்துற வேலை மலிவு பிளேட்டுக்கும் ஒண்ணுதான், நல்ல செட்டுக்கும் ஒண்ணுதான். ரிலீஸ் பெயரிங்ல மிச்சம் புடிச்சுட்டு ஆறு மாசத்துல அது கத்த ஆரம்பிச்சா மறுபடி முழுக் கூலியும் குடுத்து எறக்கணும். கியர்பொக்ஸ் எறங்குறப்ப டிரைவ் ஷாஃப்டும் வெளிய வரும், அந்த ஒயில் சீல் ரெண்டும் சின்னக் காசு, அப்பவே மாத்திருங்க. ஃப்ளைவீல்ல, அதாவது கிளட்ச் பிளேட் ஒட்டிச் சுத்துற இன்ஜின் சில்லுல, கோடு விழுந்து கருகியிருந்தா லேத்துல குடுத்து ஸ்கிம் பண்ணணும், மேல லேசா சீவி சமப்படுத்துறதுதான் அது, அதுக்குத் தனிக் காசு. கியர் ஒயில் புதுசா ஊத்துறாங்களா, வடிச்சதையே திரும்ப ஊத்துறாங்களாங்கிறதையும் கேட்டுக்குங்க.

ரெண்டு பேர்கிட்டயும் இதையே கேளுங்க. செட்டா, பிளேட் மட்டுமா, எந்த பிராண்ட், சீல் உண்டா, ஸ்கிம் உண்டா, ஒயில் உண்டா, சாமான் தனியா கூலி தனியா எவ்வளவு. ஒரு துண்டுல எழுதி வாங்குங்க, இல்லன்னா வட்ஸ்அப்ல போடச் சொல்லுங்க. எழுதிக் கேட்டவுடனே ரெண்டு விலையும் கிட்ட கிட்ட வந்துரும், நான் பாத்த வரைக்கும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்குது.

சாமான் விலை ஏன் இப்படி இருக்குன்னா அதுக்கும் காரணம் இருக்கு. 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க, தனியார் வாகனத்துக்கு மறுபடி தொறந்தது 2025 பெப்ரவரியிலதான். நடுவுல 2022ல ரூபா விழுந்துச்சு, மார்ச் ஆரம்பத்துல 200 ரூபா பக்கம் இருந்த டொலர் மே மாசமாகும்போது 360 பக்கம் போயிருச்சு. புது வண்டி வராததுனால எல்லாரும் இருக்குற பழைய வண்டியத்தான் தட்டித் தட்டி ஓட்டினோம், பழைய சாமானுக்கும் கிராக்கி ஏறிருச்சு. அது போக 2024 ஜனவரியில இருந்து வட் வரி 18 வீதம். அதனால ஒரு பாஸ் அஞ்சு வருஷத்துக்கு முந்தின விலையில செய்யலன்னு அவர கள்ளன்னு சொல்லக் கூடாது. சாமான் விலைய நாமளே விசாரிச்சுப் பாத்துட்டுத்தான் பேசணும்.

விசாரிக்கிறதுக்கு பார்ட் நம்பர் வேணும். கம்பனி டப்பாவுல அந்த நம்பர் அடிச்சிருக்கும். டொயோட்டாவுல முதல் அஞ்சு இலக்கம் எந்தச் சாமான்னு காட்டிரும், 04465ன்னா முன் பிரேக் பேட், 04495ன்னா பின் பிரேக் ஷூ, 31250ன்னா கிளட்ச் பிளேட், 48820ன்னா ஸ்டெபிலைஸர் லிங்க் (வளைவுல வண்டி சாயாம புடிக்கிற கம்பிய சஸ்பென்ஷனோட சேக்குற சின்னத் தண்டு), அடுத்து வர்ற அஞ்சு இலக்கம் எந்த மொடலுக்குன்னு பிரிக்கும். சுசுக்கி, நிசானுக்கும் இதே மாதிரி நம்பர் உண்டு. சேஸிஸ் நம்பர குடுத்தா ஏஜன்ட்காரங்க உங்க வண்டிக்கு சரியான நம்பர எடுத்து ஜெனுயின் விலை சொல்லுவாங்க. அவங்ககிட்டயே வாங்கணும்னு இல்ல, மேல் விலை எதுன்னு தெரிஞ்சுக்கிட்டா போதும். அதுக்குப் பிறகு நம்பரையும் பழைய சாமான் போட்டோவையும் கம்பளையில ஒரு கடை, கண்டியில ஒரு கடை, கொழும்பு பஞ்சிகாவத்தையில ஒரு கடைன்னு அனுப்பிக் கேளுங்க. சின்னச் சாமானுக்காக கொழும்புக்குப் போக வேண்டாம், பஸ் காசும் நாள் கூலியும் சேத்தா லாபம் ஒண்ணும் மிஞ்சாது, கடைக்காரங்களே பஸ்ல போட்டு அனுப்புறாங்க.

தரம்னு பாத்தா நாலு வகை இருக்கு. வண்டிக் கம்பனி டப்பாவுல வர்றது ஒண்ணு. அந்தக் கம்பனிக்கே சாமான் செஞ்சு குடுக்குறவங்க அவங்க சொந்த டப்பாவுல விக்கிறது இன்னொண்ணு, கிளட்ச்சுக்கு எக்ஸெடி, ஐசின், பிரேக்குக்கு அக்கெபோனோ, ஷொக்குக்கு கேவைபி, பிளக்குக்கு என்ஜிகே, டென்ஸோ மாதிரி. என் எண்ணத்துல நம்ம காசுக்கு ஏத்தது இதுதான், தரம் கொறையாது, விலை கொறையும். மூணாவது பேர் தெரியாத மலிவு சாமான். நாலாவது ஜப்பான் யூஸ்ட், பஞ்சிகாவத்தையில மலை மாதிரி குவிஞ்சு கெடக்கும். யூஸ்ட்ல கதவு, லைட், கண்ணாடி, கியர்பொக்ஸ், ஓல்டர்னேட்டர் இதெல்லாம் பாத்து வாங்கலாம், செக்கிங் வொரண்டி எத்தன நாள்னு பில்லுலயே எழுதி வாங்கணும். பிரேக், முன் சில்ல புடிச்சு வச்சிருக்குற போல் ஜொயின்ட், டை ரொட் என்ட் மட்டும் யூஸ்ட்ல வாங்கவே வாங்காதீங்க, பேர் தெரியாத மலிவு சாமானும் அதுக்குப் போடாதீங்க. ரம்பொடை எறக்கத்துல முப்பது புள்ளைங்கள வச்சுக்கிட்டு பிரேக் மிதிக்கிறவன் சொல்றேன், இந்த எடத்துல மட்டும் விலை பாக்காதீங்க. போல் ஜொயின்டுக்கு 555 நல்ல பிராண்ட், ஆனா அதுலயே டூப்ளிகேட்டும் வருது, ரெம்ப மலிவா குடுத்தா சந்தேகப்படுங்க. பிரேக் ஒயிலும் அப்படித்தான், அது காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சும், உறிஞ்சினா கொதிநிலை விழுந்துரும். டொட் 3ங்கிற வகை பிரேக் ஒயில் புதுசுல 205 டிகிரிக்கு மேல தாங்கணும், ஈரம் ஏறினது 140 பக்கத்துலயே கொதிச்சிரலாம். நம்ம ஊரு மழைக்கும் எறக்கத்துக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துறது செலவே இல்ல.

தேவையில்லாத சாமான மாத்துறதுன்னு மேல சொன்னேன்ல, அதுக்கு எங்க மச்சானோட கொரொல்லா 121ல நடந்தத சொல்றேன். முன்னுக்கு எடப்பக்கம் குழியில விழுந்தா டக் டக்னு சத்தம். ஒரு கராஜ்ல பாத்துட்டு ஸ்டியரிங் ரெக் போயிருச்சு, யூஸ்ட் ரெக் ஒண்ணு எடுத்துத் தாரோம்னு பெரிய தொகை சொன்னாங்க. மச்சானுக்கு மனசு கேக்கல, கொட்டகலை பக்கம் ஒரு வயசான பாஸ்கிட்ட கொண்டு போனோம். அவரு ஜெக்கே போடல. வண்டிய மேடான எடத்துல ஏத்தி நிப்பாட்டி அடியில படுத்துக்கிட்டு எங்கள முன் மட்கார்ட அமுக்கி அமுக்கி விடச் சொன்னாரு. ஒவ்வொரு ஜொயின்டா கை வச்சுப் பாத்துக்கிட்டே வந்தவரு ஒரு எடத்துல நின்னுட்டு, "தம்பி, நீங்களே வந்து இங்க கைய வச்சுப் பாருங்க"ன்னு கூப்புட்டாரு. நானும் படுத்து கை வச்சேன், வண்டி ஆடுறப்பெல்லாம் விரலுக்குள்ள டிக் டிக்னு அடிக்குது. ஸ்டெபிலைஸர் லிங்க். ரெக் விலையில பத்துல ஒரு பங்கு கூட வராத சாமான், அத மாத்தினதோட சத்தம் போயிருச்சு. முதல் கராஜ்காரங்க வேணும்னே சொன்னாங்களா தெரியாம சொன்னாங்களா, அது எனக்குத் தேவையில்ல. எந்தச் சாமான் போயிருச்சுன்னு சொல்றவரு அது ஆடுறத, கசியிறத, தேஞ்சத கண்ணுக்குக் காட்டணும், நான் கேக்குறது அவ்வளவுதான். பிரேக் பேட்னா எத்தன மில்லிமீட்டர் மிச்சம்னு பாருங்க, புதுசு 10 பக்கம் இருக்கும், 3க்கு வந்தா மாத்தலாம். டிஸ்க்ல ஆகக் கொறஞ்ச தடிப்பு எவ்வளவுன்னு டிஸ்க்லயே அடிச்சிருக்கும், அதுக்கு மேல இருந்தா ஸ்கிம் பண்ணினா போதுமான்னு கேளுங்க.

ஸ்கேன் மெஷினுக்கும் இதேதான். செக் இன்ஜின் லைட் எரிஞ்சா கோட் நம்பர போட்டோ எடுத்துக்குங்க. பி0171னு வந்தா இன்ஜினுக்கு காத்து கூடுதல், பெட்ரோல் கொறவுன்னு மட்டும்தான் அர்த்தம், எந்தச் சாமான் போச்சுன்னு அது சொல்லாது. எங்கயாவது ஹோஸ் வெடிச்சிருக்கலாம், ஏர் ஃப்ளோ சென்ஸர் அழுக்கா இருக்கலாம். கோட பாத்தவுடனே ஒக்சிஜன் சென்ஸர் மாத்துவோம்னா கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லுங்க. அக்வா, பிரியஸ்காரங்களுக்கு பி0ஏ80 (ஹைபிரிட் பெட்டரிய மாத்தச் சொல்ற கோட்) வந்தா ஒவ்வொரு பெட்டரி புளொக்கோட வோல்டேஜையும் காட்டச் சொல்லிட்டு முடிவெடுங்க, பெட்டரி ஃபேன்ல தூசி அடைச்சிருக்கான்னும் பாருங்க.

கொமிஷன் விஷயம் கொஞ்சம் மனசு விட்டுப் பேசணும். கடைக்காரங்க பாஸ்மாருக்கு கொமிஷன் குடுக்குறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதுக்காக சாமான நானே வாங்கிட்டு வாரேன்னு அடம் புடிச்சா அவருக்கும் ஒரு கஷ்டம் இருக்கு, நீங்க கொண்டு வந்த சாமான் பொருந்தலன்னா அவரோட ரேம்ப்ல உங்க வண்டி நிக்கும், அடுத்த வேலைய எடுக்க முடியாது, சாமான் ரெண்டு நாள்ல போனா பழியும் அவர் மேல வரும். நான் சொல்றது இப்படி, "பாஸ், சாமான் நீங்களே பாத்து எடுங்க, அலைச்சலுக்குத் தனியா தாரேன், கடை பில்ல மட்டும் என் பேருல போட்டு அப்படியே குடுங்க." இத மரியாதையா சொன்னா பெரும்பாலானவங்க ஒத்துக்குறாங்க, வொரண்டியும் நம்ம பேருல வருது. கூலிய மட்டும் அடிச்சுக் கொறைக்காதீங்க. மழையில, குளிர்ல, அடியில படுத்துக் கெடந்து செய்ற வேலை அது, கூலிய கொறச்சா அவரு அத சாமான்லதான் எடுப்பாரு, வேற எங்க எடுப்பாரு?

கழட்டின பழைய சாமான வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே கேட்டு வைங்க, புதுசு வந்த டப்பாவோட திரும்ப வேணும்னு. மாத்தினாங்களான்னு தெரிஞ்சுக்கத்தான். பழசுக்கும் விலை இருக்கு, பழைய பெட்டரிக்கு கடையில கழிச்சுத் தருவாங்க, கெட்டலிட்டிக் கன்வேட்டர்ல பிளாட்டினம், பலேடியம் இருக்குறதுனால பழசே நல்ல காசுக்குப் போகும், அத கராஜ்ல சும்மா விட்டுட்டு வராதீங்க.

இதெல்லாம் பாத்தும் காசு வாங்கிட்டு வேலைய செய்யாம விட்டாலோ, பழச புதுசுன்னு வித்தாலோ, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கு, 1977க்கு கோல் எடுக்கலாம். 2003ம் ஆண்டு 9ம் இலக்க சட்டப்படி வாங்கி மூணு மாசத்துக்குள்ள எழுத்துல முறைப்பாடு குடுக்கணும், பில் இல்லாம அங்க போறதுல பிரயோசனம் கொறைவு, அதனாலதான் பில் பில்னு மேல அத்தன தடவ சொன்னேன்.

உங்க ரெண்டு கராஜ்காரங்களும் எழுதித் தந்த விவரத்தையும் வண்டி எந்த வருஷத்து மொடல்ங்கிறதையும் கமெண்ட்ல போடுங்க, ஆளுங்க பேரு கராஜ் பேரு வேண்டாம். கிளட்ச் செட் விலைய இங்க ஹட்டன் கடையில கேட்டு நான் போடுறேன்.